மூவாயிரம் ஆறுகளின் பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் மகளுக்குப் பத்து வயது. இரவில் தூங்கும் முன் அவளுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லி வருகிறேன். போன வாரம் நதித்தெய்வங்களிடம் வந்தோம். உலகைச் சுற்றி ஓடும் பெருநீரின் தெய்வம் ஒக்கியானோஸுக்கும் அவர் மனைவி டெதிஸுக்கும் மூவாயிரம் மகன்கள், அத்தனை பேரும் ஆறுகள். மூவாயிரம் மகள்கள், அத்தனை பேரும் நீர்த்தேவதைகள் என்று சொன்னேன். “மூவாயிரம் பேரோட பேரும் யாருக்குப்பா தெரியும்?” என்று கேட்டாள். அது சும்மா ‘நிறைய’ என்பதற்காகச் சொல்வது, ஒரு குறியீடு என்று சொல்லித் தூங்க வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அல்ஃபியஸ் என்ற ஆறு அரெத்தூசா என்ற தேவதையைத் துரத்தும் கதை. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இதைப் பெண் குழந்தைக்குச் சொல்லலாமா? இந்த நதித்தெய்வங்கள் எல்லாம் இயற்கையைப் புரிந்துகொள்ளாத காலத்தில் மனிதன் கொடுத்துக்கொண்ட விளக்கங்கள்தானே? ஆழ்மனத்தின் குறியீடு என்றும் ஓர் உரையில் கேட்டேன். நம் காவிரித்தாயோடு இவர்களை ஒப்பிட முடியுமா? இதைப் பற்றிப் படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். ஆகஸ்டில் குடும்பத்தோடு கிரேக்கம் போகலாம் என்றிருக்கிறோம். ஆறுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

இத்தனை கேள்விகளில் உருப்படியானது ஒன்றுதான். அது உங்கள் மகள் கேட்டது. அதற்குத்தான் நீங்கள் பதில் சொல்லாமல் மழுப்பியிருக்கிறீர்கள்.

குழந்தை கேட்டதற்குக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டே பதில் எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 700 வாக்கில், ஹெலிகோன் மலையடிவாரத்தில் அஸ்க்ரா என்ற ஊரில் ஆடு மேய்த்தும் உழுதும் வாழ்ந்த மனிதர். ‘குளிர்காலத்தில் மோசம், கோடையில் கொடுமை, எப்போதுமே நன்றாக இருந்ததில்லை’ என்று சொந்த ஊரையே திட்டி வைத்தவர். தெய்வங்களின் வம்சாவளியைப் பாட உட்கார்ந்தவர் ஆறுகளிடம் வந்ததும் நைலில் தொடங்கி ஸ்கமாண்டரில் முடித்து 25 பேரைச் சொல்கிறார். பெண்களில் நாற்பது சொச்சம். பிறகு நிறுத்திக்கொண்டு இப்படிச் சொல்கிறார்: மிச்சமிருக்கும் ஆறுகளின் பெயரையெல்லாம் சொல்வது மனிதனால் ஆகிற காரியமில்லை, ஆனால் அந்தந்த ஆற்றங்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தந்தப் பெயர் தெரியும்.

இதைத்தான் உங்கள் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘மூவாயிரமும் ஒருத்தருக்கே தெரியாதும்மா, ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் ஒண்ணு தெரியும்.’ அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நீங்களோ குறியீடு என்றீர்கள். பத்து வயதுப் பிள்ளையிடம்!

கொஞ்ச காலமாகவே ஹெசியட்டின் இந்த வரியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இந்த நீளத்தில் பதில்.

குறியீடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கல்லூரியில் எங்களுக்கு ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட் நடத்திய பேராசிரியர், இருபத்தொன்றாம் காண்டத்துக்கு வந்தபோது கரும்பலகையில் ‘ஸ்கமாண்டர் = அக்கிலீஸின் சினம்’ என்று எழுதினார். ஒரு சமன்பாடு. அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். மணி அடித்தது. அந்தக் காண்டத்தில் வேறென்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரீட்சையில் அந்தச் சமன்பாட்டை எழுதியவர்களுக்கெல்லாம் நல்ல மார்க். நூலகத்தில் ஒரு பழைய உரைநடை மொழிபெயர்ப்பை எடுத்து நானே படித்த பிறகுதான் அவர் எங்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டார் என்று தெரிந்தது.

நடப்பது இதுதான். நண்பன் பத்ரோக்ளஸ் செத்த வெறியில் கிரேக்க வீரன் அக்கிலீஸ் டிராய்க்காரர்களை ஸ்கமாண்டர் ஆற்றுக்குள் விரட்டிவிட்டு வெட்டுகிறான். உயிர்ப்பிச்சை கேட்கும் லைகாவோன் என்ற பையனையும் கொன்று, காலைப் பிடித்து ஆற்றில் வீசுகிறான். ‘இத்தனை காலமாக இந்த ஆற்றுக்குக் காளைகளைப் பலி கொடுத்தீர்களே, சுழலுக்குள் குதிரைகளை உயிரோடு இறக்கினீர்களே, அது உங்களைக் காப்பாற்றியதா?’ என்று கெக்கலிக்கிறான். ஆறு கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் மனித உருவெடுத்து ஆழத்திலிருந்து பேசுகிறது. அது வைக்கும் முறையீட்டைக் கவனியுங்கள்: கொல்வதென்றால் வெளியே சமவெளியில் வைத்துக் கொல், என் நீரோட்டம் முழுக்கப் பிணம், கடலுக்குப் போக எனக்கு வழியில்லை. அடைபட்ட ஓர் ஆற்றின் குறை அது. அடைப்பை எடு என்கிறது, அவ்வளவுதான். இதில் யாருடைய ஆழ்மனம் வருகிறது?

அவன் கேட்கவில்லை. ஆறு பொங்குகிறது. செத்தவர்களையெல்லாம் காளை போல முக்காரமிட்டுக் கரைக்குத் தூக்கி எறிகிறது. உயிரோடிருந்தவர்களைத் தன் பெரிய சுழல்களுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறது. பேராசிரியரின் சமன்பாட்டில் இந்த இடம் எங்கே பொருந்தும்? அக்கிலீஸின் சினம் எதற்காக டிராய்ப் பிள்ளைகளை ஒளித்து வைக்க வேண்டும்? ஸ்கமாண்டர் அந்த ஊர் ஆறு. அதன் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அது அவர்கள் கட்சி.

அப்புறம் துரத்தல். ஓடுகிற அக்கிலீஸின் பின்னால் வெள்ளம் வருவதைச் சொல்ல ஹோமர் கொண்டுவரும் காட்சியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஒருவன் கையில் மண்வெட்டியோடு வாய்க்காலில் கிடக்கும் அடைப்பைத் தள்ளிக்கொண்டே போகிறான். சரிவு வந்ததும் கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு தண்ணீர் சலசலவென்று அவனையே முந்திக்கொண்டு ஓடுகிறது. மடை திறந்தவனுக்குத்தான் இது தெரியும். உலகத்தின் மகாவீரனோ ஓர் எல்ம் மரத்தைப் பிடித்துத் தொங்குகிறான், மரம் வேரோடு பெயர்கிறது, ‘குளிர்காலத்தில் ஓடையைக் கடக்கப் போய் அடித்துக்கொண்டு போன பன்றி மேய்க்கும் பையனைப் போலச் சாகப்போகிறேனே’ என்று கதறுகிறான். கடைசியில் நெருப்புத் தெய்வம் ஹெஃபைஸ்டோஸ் நெருப்பைக் கொண்டுவந்து கரையோரத்து வில்லோவையும் கோரையையும் கொளுத்தி, விலாங்கும் மீனும் துள்ளித் துடிக்க, ஆற்றைக் கொதிக்க வைத்துத்தான் அடக்க முடிகிறது.

சரி, இது கவிஞன் கற்பனை என்பீர்கள். வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸிடம் வாருங்கள். கி.மு. 494 வாக்கில் ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமெனிஸ் ஆர்கோஸ் நகரத்தின் மேல் படையெடுத்துப் போகிறான். வழியில் எராசினோஸ் ஆறு. கடக்கும் முன் அதற்குப் பலி கொடுத்துச் சகுனம் பார்க்கிறான். சகுனம் சரியில்லை. எப்படிப் பார்த்தும் ஆறு வழிவிட மறுக்கிறது. ‘தன் ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுக்காத இந்த ஆற்றை மெச்சுகிறேன்’ என்று சொல்லிவிட்டு, படையைத் திருப்பிக் கடல்வழியாகச் சுற்றிக் கொண்டுபோகிறான். (அப்படியும் ஆர்கோஸ்காரர்கள் தப்பவில்லை, செபேயா என்ற இடத்தில் கூண்டோடு அடி வாங்கினார்கள். அது ஆற்றின் குற்றமில்லை.)

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஏதென்ஸின் தேசிய தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சலவைக்கல்லைப் போய்ப் பாருங்கள். கி.மு. 400 வாக்கிலானது. பிரீயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கெஃபிசோஸ் ஆறு கடலில் சேரும் இடத்தருகே கிடைத்தது. ஸெனோக்ரடியா என்ற பெண் வைத்த காணிக்கை. கல் நிறையத் தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரத்தில் மனித முகமும் காளை உடம்புமாக அகெலூஸ் என்ற ஆற்றுத் தெய்வம். நடுவே தெய்வங்களைவிடச் சிறியதாக ஒரு பெண், அவளையும்விடச் சிறியதாக ஒரு பொடியன். அவர்களை நோக்கி ஓர் ஆண் தெய்வம் குனிகிறது. அதுதான் கெஃபிசோஸ் என்கிறார்கள். கூடவே கிடைத்த கல்வெட்டில், தன் மகன் ஸெனியாடிஸின் படிப்புக்காக இதை வைப்பதாகவும், நல்லது நடந்தால் விருப்பமுள்ள எவரும் இங்கே பலியிடலாம் என்றும் அவள் எழுதியிருக்கிறாள்.

அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். பக்கத்து அறையில் அகமெம்னன் முகமூடி என்று சொல்லப்படும் தங்கத்தகட்டைப் படம் எடுக்க ஒரே தள்ளுமுள்ளு. இங்கே யாருமில்லை. ஒரு பெண், பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று ஆற்றிடம் போயிருக்கிறாள். புத்திக்குரிய அதீனாவிடம் போகவில்லை. அக்ரோபோலிஸ் குன்றின் மேலே அதீனாவுக்கு அவ்வளவு பெரிய கோயில் இருக்கிறது, கட்டி முடித்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. இவள் கீழே, ஆற்றுமுகத்துக்கு வந்திருக்கிறாள். ஏனென்றால் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது ஆறுகளின் வேலை. ஹெசியட் அதையும் சொல்கிறார்: அப்போலோவோடும் ஆறுகளோடும் சேர்ந்து ஒக்கியானோஸின் மகள்கள் சிறுவர்களை வாலிபர்களாக்குகிறார்கள். ஏதென்ஸில் கெஃபிசோடோரோஸ், கெஃபிசோடோட்டோஸ் என்றெல்லாம் எத்தனை பேர்! ஆறு கொடுத்த பிள்ளைகள்.

அக்கிலீஸும் அப்படிப்பட்ட பிள்ளைதான். அவன் ஊர் ஆறு ஸ்பெர்கியோஸ். மகன் போரிலிருந்து பத்திரமாகத் திரும்பினால் அவன் முடியை ஆற்றுக்குக் கொடுப்பதாகவும், ஊற்றுக்கண்ணில் ஐம்பது கிடாய்களை வெட்டுவதாகவும் அப்பா பெலியஸ் நேர்ந்துகொண்டிருந்தார். அதற்காக வளர்த்த பொன்னிற முடி. பத்ரோக்ளஸின் சிதைக்குப் பக்கத்தில் நின்று அந்த முடியை அக்கிலீஸ் அறுக்கிறான். கடலைப் பார்த்தபடி, தூரத்திலிருக்கும் தன் ஆற்றிடம் பேசுகிறான்: அப்பா நேர்ந்தது நடக்கவில்லை, நான் ஊர் திரும்பப்போவதில்லை, இதை இவனே கொண்டுபோகட்டும். முடியை நண்பனின் கையில் வைக்கிறான். சுற்றி நின்றவர்கள் அழுகிறார்கள். இதை மகளுக்குச் சொன்னீர்களா? இதை விட்டுவிட்டு ஆழ்மனத்தைப் பற்றி உரை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தேவதைகளுக்கும் இதே கதைதான். அவர்கள் ‘நீரின் தேவதைகள்’ கிடையாது, இந்தக் குகையின், இந்த ஊற்றின் பெண்கள். ஏதென்ஸுக்குத் தெற்கே ஹிமெட்டஸ் மலையின் கோடியில், வாரி என்ற இடத்தில் ஒரு குகை. தேரா தீவிலிருந்து வந்த ஆர்கெடேமோஸ் என்ற கல்தச்சன், தேவதைகள் தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும் அவர்கள் சொன்னபடி குகையைச் செதுக்கியதாகவும் பாறையில் எழுதி வைத்திருக்கிறான். கையில் சுத்தியலும் உளியுமாகத் தன் உருவத்தையும் செதுக்கியிருக்கிறான். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அங்கே இருக்கும் இன்னொரு பொறிப்பு: பலியிட வருகிறவர்கள் குடல்களை வெளியே கொண்டுபோய் அலசவும், சாணத்தைக் கழுவவும். தெய்வம் குடியிருக்கிற வீடு, அசிங்கம் பண்ணாதே. குறியீட்டின் மேல் யாராவது இப்படி அறிவிப்புப் பலகை வைப்பார்களா?

அரெத்தூசா கதையைத் தாராளமாகச் சொல்லலாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னபடி சொல்லுங்கள். அங்கே கதையை அரெத்தூசாவே தன் வாயால் சொல்கிறாள். ஆடையை வில்லோ மரத்தில் போட்டுவிட்டுக் குளித்ததும், நீருக்கடியிலிருந்து குரல் வந்ததும், எதிர்க்கரையில் ஏறி ஓடியதும். சூரியன் முதுகுக்குப் பின்னால். தன் கால்களுக்கு முன்னால் அவன் நிழல் நீண்டு விழுந்ததைப் பார்த்தேன், பயம்தான் அப்படிக் காட்டியதோ என்னவோ என்கிறாள். பெண் குழந்தைக்கு இந்த வரி உங்களைவிட நன்றாகவே புரியும். பாதியில் நிறுத்தினீர்கள் அல்லவா, அதுதான் தப்பு. துரத்தப்படுகிறவள் தப்பிக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டீர்கள். வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் பூமியைப் பிளந்து வழிவிட்டு, அவள் சிசிலியில், சிராக்கியூஸின் ஒர்டீஜியா தீவில் ஊற்றாக வெளிவரும் வரை சொல்லுங்கள். இன்றும் அங்கே கடலோரத்தில் அந்த ஊற்று இருக்கிறது, நடுவில் பாப்பிரஸ் வளர்ந்து நிற்கிறது. சுற்றிலும் டால்ஃபின்கள் நீந்த அவள் தலை பொறித்த சிராக்கியூஸின் வெள்ளிக்காசுகள் பழங்கால நாணயங்களிலேயே அழகானவை.

நதித்தெய்வம் அறிவியலுக்கு முந்தைய விளக்கம்தானே என்ற கேள்விக்கு சாக்ரட்டீஸ் பதில் சொல்லிவிட்டார், நான் எதற்கு? அவரும் அவர் நண்பன் ஃபைட்ரஸும் ஏதென்ஸின் இலிசோஸ் ஆற்றில் கால் நனைய நடந்து போகிறார்கள். வடகாற்றுத் தெய்வம் போரியாஸ், இளவரசி ஒரைத்தியாவைத் தூக்கிக்கொண்டு போனது இந்த இடத்தில்தானோ என்கிறான் ஃபைட்ரஸ். சாக்ரட்டீஸ் முதலில் என்ன செய்கிறார் தெரியுமா? இடத்தைத் திருத்துகிறார். இங்கே இல்லை, இன்னும் கீழே, ஆற்றைக் கடக்கிற துறையில், அங்கே ஒரு பலிபீடம்கூட இருக்கிறது என்கிறார். அதற்கப்புறம்தான் விளக்கத்துக்கு வருகிறார். அவள் பாறையில் விளையாடும்போது காற்று தள்ளிவிட்டுச் செத்தாள் என்று நானும் சாமர்த்தியமாகச் சொல்லலாம், ஆனால் அப்படி ஆரம்பித்தால் ஒவ்வொரு பூதத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு நேரமில்லை, நான் இன்னும் என்னையே அறியவில்லை. போய் உட்காரும் பிளேன் மரத்தடியில் தேவதைகளுக்கும் அகெலூஸுக்கும் வைத்த சிறு பொம்மைகளைக் கண்டு சந்தோஷப்படுகிறார். அந்த இலிசோஸைத்தான் இருபதாம் நூற்றாண்டில் மூடி, மேலே ரோடு போட்டார்கள். கெஃபிசோஸின் கீழ்ப்பகுதியும் நெடுஞ்சாலைக்கு அடியில் போய்விட்டது. நான் போனபோது தெற்குக் கிரேக்கமான பெலோப்பொன்னீசுக்குப் பஸ் ஏறிய நிலையத்துக்கு அந்த ஆற்றின் பெயர். ஸெனோக்ரடியாவின் மகனுக்குப் படிப்பு கொடுத்த ஆறு, பஸ் டிக்கெட்டில் அச்சாகியிருந்தது.

அகெலூஸ் எல்லா ஊரிலும் கும்பிடப்பட்டாரே, ஆறு அந்தந்த ஊருக்குத்தான் சொந்தம் என்ற உங்கள் வாதம் அங்கே இடிக்கிறதே என்று யாராவது எழுதக்கூடும். இடிக்கட்டும். டெயனீரா என்ற பெண்ணுக்காக மாவீரன் ஹெரக்ளீஸோடு மல்லுக்கட்டி, பாம்பாகவும் காளையாகவும் மாறி, கொம்பு ஒடிந்து தோற்றவர் அவர். ஹெரக்ளீஸ் அந்த ஆற்றுக்குக் கரையும் கால்வாயும் கட்டியதைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று புவியியல் எழுதிய ஸ்ட்ராபோவின் காலத்திலேயே விளக்கம் உண்டு. நம் காலத்திலும் ஒரு மல்லுக்கட்டு நடந்தது. அகெலூஸின் நீரைத் தெசலிச் சமவெளிக்குத் திருப்பத் திட்டம் போட்டு, மெஸோகோராவில் 150 மீட்டர் உயரத்துக்கு அணை எழுப்பினார்கள். 2001 வாக்கில் கட்டி முடித்தும் நீர் நிரப்பாமல் வருஷக்கணக்காக நின்றது. நீர் திருப்பும் திட்டம் திரும்பத் திரும்ப நீதிமன்றம் போனது, 2014இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை நிறுத்தியது. இந்த முறை கொம்பு தப்பியது.

காவிரியோடு ஒப்பிடலாமா என்றால், வேண்டாம். ஓர் ஆற்றைச் சரியாகப் பார்க்கும் முன் அடுத்த ஆற்றுக்குத் தாவுவது நமக்கு ஒரு வியாதி. புத்தகம் கேட்டீர்கள், இலியடின் இருபத்தொன்றாம் காண்டத்தை மட்டும் முழுசாகப் படியுங்கள். சுருக்கம் வேண்டாம். மகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அந்த வாய்க்கால்காரன் வரும் இடத்தில் அவள் சிரிக்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் பயணம். ஆகஸ்டில் ஆறு பார்க்கக் கிரேக்கம் போகிறேன் என்கிறீர்களே, விசாரித்தீர்களா? ஆர்கோஸ் நாடு யாருக்கு என்று தேவராணி ஹேராவுக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் வழக்கு வந்தபோது தீர்ப்புச் சொன்னவர்கள் இனாகஸ் முதலான ஆறுகள். ஹேராவுக்கு என்றார்கள். கோபத்தில் பொசைடன் அவர்கள் தண்ணீரையெல்லாம் வற்றடித்துவிட்டார், அதனால்தான் மழை பெய்தால் தவிர அவற்றில் நீர் இல்லை என்கிறார் பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியஸ். கோடையில் நான் பார்த்த இனாகஸில் வெள்ளைக் கற்களும் நாணலும்தான் இருந்தன. பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலிருந்த ஆரஞ்சு வியாபாரியிடம் இது என்ன ஆறு என்று கேட்டேன். பெயரைச் சட்டென்று சொன்னார். ஆர்கோஸுக்குப் பக்கத்தில் கெஃபலாரி என்ற சிற்றூரில், மலையடிக் குகைவாயிலிருந்து எராசினோஸ் வெளிவரும் இடத்தையும் பாருங்கள். மேலே மாதா கோயில், எதிரே பிளேன் மர நிழலில் சாப்பாட்டுக் கடைகள். கிளியோமெனிஸுக்கு வழிவிடாத அதே ஆறு.

டிக்கெட் இன்னும் போடவில்லையென்றால் அரையாண்டு லீவுக்கு மாற்றுங்கள். அங்கே அதுதான் மழைக்காலம். பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எம்.